உள்ளே பிடி வைக்காத பூட்டு

இரும்பைத் திறக்கத் தெரிந்தவனுக்கு எந்த வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சிரிக்காதீர்கள், தம்பிமாரே. நீங்களும் இப்போது அதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வித்தியாசம் இவ்வளவுதான்: நான் இடுப்பில் ஒரு முண்டு மட்டும் கட்டிக்கொண்டு நம்பினேன், நீங்கள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நம்புகிறீர்கள்.

நம்பியது மட்டுமில்லை, அதற்குப் பயிற்சியும் எடுத்தேன். பழுத்த இரும்பை முக்கும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதில் முகம் பார்த்து, மேல்முண்டை எந்தத் தோளில் எப்படிப் போட்டால் பெரிய மனுஷன் களை வரும் என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் கரி மிதந்ததால் என் மீசை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதையும் நம்பினேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. என் கண்ணில் பொறி விழுந்து நான் பட்டறையைவிட்டு இறங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கோட்டாற்றில் நம்முடைய பஸ் பட்டறைக்கு ஒரு மோட்டார் கார், ஸ்பிரிங் பட்டை முறிந்து, கால் ஒடிந்த மாட்டைப்போலச் சாய்ந்துகொண்டு வந்து நின்றதே, நினைவிருக்கிறதா? அதிலிருந்து இறங்கிய வெள்ளை ஜிப்பாக்காரர் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த நம்முடைய பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மேஸ்திரியாரே, சாயங்காலம் ஒரு கலியாணத்துக்குப் போணும். நீங்க மனசு வச்சாத்தான் உண்டு," என்றார். கடையிலிருந்து சாயா வரவழைத்து எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்.

அவர் போன பிறகு உங்களில் ஒருவன் சொன்னான்: "பாத்தேளா அண்ணாச்சி, காலம் மாறிப்போச்சு. பெரியவீட்டுக்காரரே நம்ம பெஞ்சில இருந்து நம்மகூடச் சாயா குடிக்காரு."

எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் சிரித்தேன். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனுஷரை எனக்கு உங்களுக்கு முன்பே தெரியும். பழையாற்றுக்குக் கிழக்கே அவர் ஊர்தான் என் ஊர். அவர் வயலுக்குத்தான் என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் கலப்பைக் கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் அடித்தோம். வருஷம் முழுவதும் அடிப்போம். அறுப்பு முடிந்ததும் களத்தின் ஓரத்தில் போய் நிற்போம். கூப்பிடும்போது போய்க் கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவோம். அந்த ஊரில் எனக்கு மேஸ்திரியார் என்று பெயர் இல்லை. "ஏலே கொல்லா" என்றால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

காருக்குப் பட்டை முறிந்திருந்தது, அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். இதில் மாறியது காலமா, பட்டையா என்று நீங்களே யோசியுங்கள். யோசிக்க வசதியாக நான் ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

முதலில் நான் எப்படி அந்த நம்பிக்கைக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும். நானாகவே இவ்வளவு பெரிய முட்டாள் ஆகவில்லை, கொஞ்சம் உதவி கிடைத்தது.

பெரியவீட்டுக்காரரின் மூத்த மகள் கலியாணத்தன்று நகை வைத்த இரும்புப் பெட்டி திறக்கவில்லை. சாவி சுற்றுகிறது, மூடி அசையவில்லை. பெண்ணுக்கு அலங்காரம் செய்யவேண்டிய நேரம். அவர் காலில் செருப்புகூட இல்லாமல் என் பட்டறைக்கு ஓடிவந்தார். இடுக்கியும் கையுமாக நின்ற என்னைத் தோளோடு பிடித்து, "வா மக்கா, வா. எனக்க மானத்தக் காப்பாத்து," என்றார். மக்கா என்றார். அதற்கு முன் அந்த வீட்டில் என்னை மக்கா என்று கூப்பிட்டவர் இல்லை. முன்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். நடுமுற்றத்தைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, அவருடைய சொந்தக்காரர்கள்கூட நுழையாத உள்ளறைவரைக்கும் போனேன். எண்ணெயைச் சூடாக்கி விட்டு, நாலு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்தேன். வீட்டு அம்மாள் பித்தளைத் தம்ளரில் பாயசம் தந்தாள். அன்று என் காலடி பட்ட இடத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை. தங்கம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் குனிய நேரமில்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. தொட்டித் தண்ணீரில் முகம் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு அவர் புதுவீடு கட்டினார். நெல் அறைக்குக் கோட்டாற்றுக் கடைப் பூட்டு வேண்டாம், என் கையால் செய்த பூட்டுத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாட்டில் ஒருவன் வீட்டிலும் இல்லாத பூட்டாக இருக்கவேண்டும் என்று, கதவைத் தள்ளிச் சாத்தினாலே தாழ் தானாக விழுந்து பூட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று செய்தேன். திறக்கத்தான் சாவி, பூட்ட வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கும், ஏனென்றால் உள்ளே நெல் குவிந்து கிடக்கும். கீலாணிகளை யாரும் கழற்றிவிடக் கூடாது என்று இரண்டு தலையையும் அடித்து மழுக்கினேன். உள்பக்கம் பிடி வைக்கவில்லை. நெல் எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓடாது என்பது என் அன்றைய அறிவு.

தம்பிமாரே, நீங்கள் பூட்டுச் செய்தாலும் சரி, பஸ்ஸுக்குக் கதவு வைத்தாலும் சரி, உள்ளே ஒரு பிடி வையுங்கள். கேட்டவர் வேண்டாம் என்றாலும் வையுங்கள். நான் உங்களுக்குத் தொழில் சொல்லித்தருவது இந்த ஒன்றோடு சரி.

எங்கள் பக்கம் புதுவீடு கட்டி முடித்தால் தச்சுக்கழிப்பு என்று ஒன்று உண்டு. மரத்தோடும் கல்லோடும் வந்து சேர்ந்த பேய்பிசாசுகளை மூத்த தச்சர் பூசை செய்து வெளியே விரட்டுவார். பேய்கள் போகிற கையோடு தச்சரும் போகவேண்டும், கொல்லனும் போகவேண்டும். புதுத்துணியும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நாங்கள் இறங்கியதும் வீட்டைக் கழுவி, கோயில் பூசை செய்கிற போத்தியைக் கூப்பிட்டுத் தீட்டுப் போகப் புண்ணியாகம் செய்வார்கள். அதற்கு மேல் நாங்கள் உள்ளே கால்வைக்கக் கூடாது. நிலை நிறுத்தியவனும் கீல் அடித்தவனும் அவர்கள் கட்டிய வீட்டுக்கே தீட்டு. பேயையும் எங்களையும் ஒரே வழியாக அனுப்புகிற அந்த ஏற்பாட்டில் அன்று எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. பேய்க்குப் புதுத்துணி தருவதில்லை, எனக்குத் தந்தார்களே என்று பெருமைகூடப்பட்டேன்.

மறுநாள் காலை பால்காய்ப்பு. ஊரே உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எல்லோரும் எழுந்தபிறகு எங்களுக்கு இலை. நானும் மூத்த தச்சரும் வெளிவாசலுக்கு அப்பால் வைக்கோற்போர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். தச்சர் என்னைவிடப் பத்துப்பதினைந்து வயது பெரியவர், நல்ல தொந்தி, நல்ல கோபம்.

"பாயசம் மிஞ்சுமாலே?" என்றார்.

"பாயசம் மிஞ்சும் அண்ணே. பப்படந்தான் சந்தேகம்."

"நாலு மாசமா இந்த வீட்டுக்கு மரம் அறுத்தவன் நான். பப்படம் இல்லேண்ணு சொன்னா நிலையப் பறிச்செடுத்துட்டுப் போவேன், கேட்டியா."

"மொள்ளப் பேசும் அண்ணே. பேய் இன்னும் போகல்லண்ணு நெனச்சிரப் போறாங்க."

அவர் சிரித்து முடிக்கவில்லை, வீட்டு மருமகன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆசாரி, அறைப்பூட்டு மாட்டிக்கிட்டு. சாவி உள்ள ஒடிஞ்சு போச்சு."

"அறைக்குள்ள என்ன இருக்கு?" என்றேன்.

"நெல்லு," என்றார். ஒரு மூச்சு வாங்கிவிட்டு, "பொறவு, நீலம்மை."

அந்த வரிசையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நெல், பிறகு நீலம்மை.

நீலம்மை அந்த வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். புருஷன் செத்தபிறகு அங்கே வந்து சேர்ந்தவள். நெல் அவிப்பதும் குத்துவதும் தரை மெழுகுவதும் அவள் வேலை, சாப்பாடு கடைசிப் பந்திக்கும் பிறகு. அறுப்புக்கு முன்னால் அரிவாள்களை ஓலைப்பெட்டியில் அடுக்கி என் பட்டறைக்குக் கொண்டுவருவது அவள்தான். "ஆசாரி, போன தடவை வச்ச பல்லு எங்க போச்சு? இந்த அருவாளு அறுக்கல்ல, கதிருகிட்ட கெஞ்சுது," என்பாள். ஊரில் என் வேலையைக் குறை சொல்ல வக்குள்ளவள் அவள் ஒருத்தி. அவள் சொல்லுகிற குறை சரியாகவும் இருக்கும், அதனால் எனக்கு அவள்மேல் எரிச்சலும் உண்டு.

நடந்தது இதுதான். புது நெல்லுக்கு அந்துப்பூச்சி வராமலிருக்கப் புகை போடவேண்டும் என்று, பெரிய தூபக்காலில் சிரட்டைக்கரி நெருப்பை நிறைத்து, சாம்பிராணியோடு நீலம்மையை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். புகை பந்திக்கு வந்தது. பெரியவீட்டுக்காரர், "கண்ணு எரியுது, கதவச் சாத்து," என்று சொல்லிக்கொண்டே தாமே காலால் தள்ளிச் சாத்தினார். என் அருமைத் தாழ் விழுந்தது. அவள் உள்ளிருந்து தட்டினாள். அவர் சாவியை எடுத்துவந்து, அவசரத்தில் தலைமாற்றித் திருகி, பல்லை உள்ளேயே முறித்துவிட்டார்.

மூடிய அறைக்குள் கரிநெருப்போடு ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று கொல்லனிடம் கேட்கவேண்டியதில்லை. மழைக்காலத்தில் குளிருக்குக் கங்கு வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து, எழுந்திருக்காமலே போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். தெரியாமல் செய்தார்கள் என்றால் எனக்கு இந்தக் கோபம் வந்திருக்காது.

நான் என் பட்டறைக்கு ஓடினேன். ஓடும்போது எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன், தெரியாத இரண்டொன்றையும் சேர்த்துக் கூப்பிட்டிருப்பேன். கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு திரும்பினேன். வாசலில் வந்து பார்த்தால் என் வலதுகையில் துருத்தியின் மூக்குக் குழாய், இடதுகையில் ஒரு மாட்டு லாடம்.

தச்சர் இரண்டையும் பார்த்தார். "எதுக்குலே இது? கதவுக்கு லாடம் அடிக்கப் போறியா?"

திரும்ப ஓடினேன். இந்தத் தடவை வெட்டிரும்பும் சம்மட்டியும் வந்தன. பதற்றம் உங்களுக்கும் வரும், தம்பிமாரே. வராத மாதிரி நடிக்க வேண்டாம். கை எதை எடுத்தது என்று ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும்.

வெளிவாசலில் பெரியவீட்டுக்காரர் குறுக்கே நின்றார். புதுவேட்டி, நெற்றி நிறையச் சந்தனம்.

"ஆசாரி, நீ அங்கிணயே நில்லு. என்ன செய்யணும்ணு சொல்லு, மருமகன் செய்வான்."

"ஏமானே, கீலாணி தலையை வெட்டணும். அது பழக்கமில்லாத கையில நடக்காது. நான் வந்து ஒரு நிமிசத்துல..."

"பால் காய்ச்சின வீடு. போத்தி இப்பந்தான் எறங்கிப் போறாரு. நீ உள்ள வந்தா எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும். தூரத்து ஆளுக பந்தியில இருக்காங்க. சொல்லுகதச் சொல்லு."

இதே மனுஷர்தான் செருப்பில்லாமல் வந்து என் தோளைப் பிடித்தவர். அன்று எனக்குத் தீட்டு இல்லை. அன்று பெட்டிக்குள் இருந்தது நகை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? சொன்னேன். அங்கேயே நின்று சொன்னேன். "வெட்டிரும்பச் சாய்ச்சு வையுங்க, தலையில இல்ல, கழுத்துல," என்று தெருவிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து அறைக்கும் ஆள்மாற்றி ஆள் கத்திக்கொண்டு போனார்கள். என் சம்மட்டியை வாங்கும்போது அதன்மேல் தண்ணீர் தெளித்து வாங்கினார்கள். மருமகன் முதல் அடியைக் கதவில் அடித்தார், இரண்டாவதைத் தம் பெருவிரலில் அடித்தார். மூன்றாவது அடி இல்லை. விரலுக்கு எண்ணெய் தேடி நாலு பேர் ஓடுகிற சத்தம் கேட்டது. அறைக்கு ஓடிய சத்தம் கேட்கவில்லை.

நிற்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கும் பூணூல் உண்டு. நாங்களும் கண்ட வீட்டில் கைநனைக்க மாட்டோம். எனக்குத் துருத்தி ஊதிய ஆளை எங்கள் அம்மை முற்றத்தோடு நிறுத்தித்தான் கஞ்சி ஊற்றினாள், அவன் பாத்திரத்தை அவனே கழுவி வைத்தான். அவர் வாசலில் நான் நின்றேன், என் வாசலில் அவன் நின்றான். இந்த அழகில் நான் மேல்முண்டு போட்டுப் பழகினேன்.

தச்சர் என் முண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏலே, உள்ள கேறாத. கேறினா நமக்குப் பொறவு இந்த ஊரு கெடையாது. களத்துல ஒரு மணி நெல்லு தரமாட்டான். எனக்கு மூணு பொட்டப்பிள்ளை இருக்கு."

"அவ செத்துருவா அண்ணே."

"அவங்க வீட்டுப் பொம்பள. அவங்களுக்கே வருத்தமில்ல. நமக்கென்ன?"

அப்போது உள்ளேயிருந்து மருமகன் விரலை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். "இப்பம் தட்டல்ல மாமா. அடங்கிட்டா."

பெரியவீட்டுக்காரர், "நல்லதாப் போச்சு. பந்தி முடியுகது வரைக்கும் சத்தம் காட்டாம இருக்கட்டும்," என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு வீரம் வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் பொய் சொல்லவும் தயங்குகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் வந்தது வீரம் இல்லை, பயம். இவள் உள்ளே செத்தால் நாளைக் காலை ஊர் என்ன பேசும்? காலால் கதவைத் தள்ளியவரைப் பேசாது. சாவியை முறித்தவரைப் பேசாது. கொல்லன் பூட்டு அவளைக் கொன்றுவிட்டது என்று பேசும். களத்தில் கதிர்க்கட்டு வாங்கப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கும். அந்தப் பயம் என் காலுக்கு முதலில் புரிந்துவிட்டது. நான் முடிவு செய்வதற்கு முன்பே அது வாசற்படியைத் தாண்டியிருந்தது. முண்டின் நுனி தச்சர் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. நல்லவேளை, முண்டு முழுசாக வரவில்லை.

"ஏலே, ஏலே," என்றார் பெரியவீட்டுக்காரர். பிடித்து நிறுத்தக் கை நீட்டினார். என்னைத் தொடவேண்டிவருமே என்று பாதியில் மடக்கிக்கொண்டார். அவருடைய ஆசாரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். பெண்கள் சேலையை ஒதுக்கிப் பிடித்தார்கள். சாரைப்பாம்பு வந்தால் வழிவிடுவதுபோல எனக்கு வழிவிட்டார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே கிடந்த சம்மட்டியை எடுத்து, வெட்டிரும்பை மேல்கீலின் கழுத்தில் வைத்து அடித்தேன். முதல் அடி வழுக்கிச் சுவரில் புதுச்சுண்ணாம்பைப் பெயர்த்தது. யாரோ "ஐயோ சுவரு" என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், "ஐயோ சுவரு" என்றுதான் சொன்னார்கள்.

நான் திட்டிக்கொண்டே அடித்தேன். அவரைத் திட்டினேன், சுவரைத் திட்டினேன், தலையை இவ்வளவு நன்றாக மழுக்கிவைத்த கொல்லப்பயலைத் திட்டினேன். வாழ்க்கையில் ஒருமுறை மோசமாக வேலை செய்திருந்தால் சீக்கிரம் திறந்திருக்கும். மேல்கீல் விட்டது. நடுக்கீல் விட்டது. கீழ்க்கீல் விட்டதும் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழில் இறுகிக்கொண்டது. பலாமரக் கதவு. ஒரு ஆள் தள்ளி எடுக்கிற கனம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். முற்றம் நிறைய ஆம்பிளைகள், சாப்பிட்ட கையோடு நின்றார்கள். நான் பிடித்த கதவை இனி யாரும் பிடிக்கமாட்டார்கள் என்பது ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

"அண்ணே," என்று கத்தினேன்.

தச்சர் வாசலில் நின்றார். அந்த நேரத்தில் அவர் மூன்று பெண்பிள்ளைகளையும் எண்ணிப்பார்த்திருப்பார். பிறகு வாசலோரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, தொந்தி குலுங்க, வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு ஓடிவந்தார். "சவத்துப்பயலே, எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டியே. நல்லா இருப்பியாலே. அந்தப் பக்கம் பிடி. அந்தப் பக்கம் எளவெடுத்தவனே, இந்தப் பக்கமில்ல. நான் வச்ச கதவு எனக்குத் தெரியாதா?" கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு. கதவு எங்கள் இருவர்மேலும் விழுந்தது. புகை வெளியே வந்தது.

நீலம்மை கதவடியிலேயே கிடந்தாள். கீழே இருக்கிற இடைவெளியில் வாயை வைத்திருந்தாள். அந்த இடைவெளி, தச்சர் அளவு தவறியதால் விழுந்தது. பூட்டில் என் வேலை ஒழுங்காக இருந்ததால் அவள் உள்ளே மாட்டினாள், கதவில் அவர் வேலை பிசகியதால் மூச்சு விட்டாள். தொழில் சுத்தத்தைப்பற்றி யாராவது உங்களுக்குப் பிரசங்கம் செய்தால் இதையும் சொல்லுங்கள்.

நான் தோளைப் பிடித்தேன், தச்சர் காலைப் பிடித்தார். முற்றத்தில் கிடத்தினோம். முகம் வெளுத்து, கண் மேலே போயிருந்தது. தண்ணீர் கேட்டேன். ஒருத்தி கொண்டுவந்தாள், ஆனால் என் கையில் தராமல் எட்டத்திலிருந்து ஊற்றினாள்; பாதி என்மேல் விழுந்தது. கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. பிறகு நீலம்மை இருமினாள், வாந்தி எடுத்தாள், மூச்சை இழுத்தாள். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது என் மீசை. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"ஆசாரி," என்றாள் கம்மிய குரலில். "எடவாடு கொள்ளாம், நல்ல பூட்டுத்தான். உள்ள ஒரு கைப்பிடி வச்சா என்ன கேடு உனக்கு?"

தச்சர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதனால் நானும் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியவீட்டுக்காரர் கழன்று கிடந்த கதவையும் பெயர்ந்த சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம்மையை அவர் பார்த்ததை நான் காணவில்லை.

"வேலை முடிஞ்சுல்லா," என்றார். "ரெண்டுபேரும் எறங்குங்க."

தச்சர் வாசல்வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். "எலை உண்டா ஏமானே?" என்று கேட்டார். வந்தது வந்தாயிற்று, சோற்றையாவது கேட்போம் என்ற கணக்கு. அவர் பெயர்ந்த சுண்ணாம்பைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த அறுப்புக்குக் களத்தில் எங்கள் இருவர் பெயரையும் கூப்பிடவில்லை. தச்சர் திருவனந்தபுரம் பக்கம் படகு வேலைக்குப் போனார். நான் கொஞ்சகாலம் கடியப்பட்டணத்து வள்ளக்காரர்களுக்கு நங்கூரம் அடித்தேன், பிறகு கோட்டாற்றுக்கு வந்து மேஸ்திரியார் ஆனேன். கார் வந்த அன்று அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், சந்தேகமே வேண்டாம். சாயா கிளாஸை நீட்டும்போது அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை, ஸ்பிரிங் பட்டையிலேயே இருந்தது. நான் சாயாவைக் குடித்தேன். பட்டையையும் ஒழுங்காகவே அடித்தேன், பஸ்ஸும் காரும் போகிற ரோட்டில் வேறு ஆட்களும் நடக்கிறார்கள். உங்களிடம் அவர் மேஸ்திரியாரே என்றால் நீங்களும் வேலையைச் செய்யுங்கள், சாயாவைக் குடியுங்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் அந்த "ஆரே" எங்கே போகிறது என்று மட்டும் காதைத் தீட்டிக் கேளுங்கள்.

பால்காய்ப்பு அன்று மீதி நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். நானும் தச்சரும் பசியோடு வைக்கோற்போர் பக்கம் நின்றோம், உள்ளே நடப்பது திறந்த வாசல் வழியாகத் தெரிந்தது. போத்தியைத் திரும்பக் கூட்டிவர ஆள் போயிற்று. அவர் வருவதற்குள் வீட்டைக் கழுவவேண்டும். பெரிய அண்டாவில் சாணியும் தண்ணீரும் கரைத்து வைத்தார்கள். அறை வாசலிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து வெளிப்படி, நாங்கள் மிதித்த இடத்தை எல்லாம் விரல்நீட்டிக் காட்டிக் காட்டிக் கழுவவைத்தார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இருமிக்கொண்டு கழுவியது நீலம்மை.